மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது: இப்போதே பழுதுபார்ப்பதா, மேம்பாட்டுத் திட்டம் வரும்வரை பொறுப்பதா?

மூணாம்மாடி | திங்கள், இரவு 9:40

சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீடு, 1987இல் கட்டிய அடுக்குமாடி புளோக். அப்பா வாங்கியது. இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம். குளியலறைக் கூரையில் முதலில் தோசைக்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. அப்புறம் சாயம் கொப்பளித்தது. போன மாதம் ஒரு துண்டு சிமெண்ட் பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது, அம்மா குளித்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

மேல்வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், தனியாக வசிக்கிறார். நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி இரண்டு முறை கதவிடுக்கில் செருகினேன். பதில் இல்லை. மணி அடித்தால் கதவைத் திறக்கிறார், கையை ஆட்டுகிறார், மூடிவிடுகிறார்.

இடையில் ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். கீழிருந்தே கூரையில் துளை போட்டு ஏதோ பசையை ஊசியால் ஏற்றினார். 380 வெள்ளி (டாலர்). ஆறு வாரம் காய்ந்து கிடந்தது, மறுபடி சொட்டுகிறது. இப்போது ஆள் போனை எடுப்பதில்லை.

பக்கத்து வட்டாரத்தில் அரசாங்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்ட வேலை நடக்கிறது, நமக்கும் வரும், பொறு என்கிறார் மாமா. எப்போது வரும் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. இன்னொரு யோசனையும் இருக்கிறது. 99 ஆண்டுக் குத்தகை 2086இல் முடியப்போகிற வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

சிமெண்ட்_வாசம் | திங்கள், இரவு 10:15

தம்பி, நான் பதினெட்டு வருடமாகப் புதுப்பிப்பு வேலையில் இருப்பவன். முதலில் அந்தக் கூரைக்குக் கீழே யாரும் நிற்காதீர்கள். தொங்கும் துண்டு இருந்தால் ஆளை வைத்துத் தட்டி இறக்கிவிடுங்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. ஒன்று கசிவு. மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் ஓட்டுக்கு அடியில் சிமெண்ட் பூச்சு, அதற்கும் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஒரு படலம் இருக்கும். முப்பது வருடத்தில் அது பல இடங்களில் விட்டுப்போகும். ஓடு பளபளவென்று இருக்கிறதே என்று மேல்வீட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். தண்ணீர் இறங்குவது ஓட்டின் இடுக்கு வழியாக. அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கான்கிரீட் உதிர்வது. கான்கிரீட்டில் இயல்பாக இருக்கும் காரம்தான் உள்ளே உள்ள கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறும். துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும். அது உப்பும்போது மூடியிருக்கிற சிமெண்டைத் தள்ளிவிடும். சமையலறை, குளியலறைக் கூரைகளில் இது அதிகம் வருவதற்கு ஈரம்தான் காரணம்.

ஊசி போட்டது வீண் என்று சொல்லமாட்டேன். சின்ன விரிசலுக்கு அது உதவும். ஆனால் மேலே படலமே போயிருந்தால், அடைத்த இடத்தை விட்டு வேறு வழியாகத் தண்ணீர் இறங்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பணத்துக்கு வழி இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவி என்று ஒன்று உண்டு. கூரைக் கசிவுக்குச் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும். மிச்சத்தில் மேல்வீடு 25, கீழ்வீடு 25.

ஒன்பதாம்_தளம் | திங்கள், இரவு 10:32

கீழ்வீட்டுக்காரர் ஏன் 25 கொடுக்க வேண்டும்? ஒழுகுவது அவர்கள் தரை, நனைவது என் தலை. தலைக்கும் காசு கட்ட வேண்டுமா?

சிமெண்ட்_வாசம் | திங்கள், இரவு 10:41

எல்லாரும் கேட்கிற கேள்வி அண்ணே. மேல்வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே கான்கிரீட் பலகை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு இரண்டு பேரும் பொறுப்பு என்பது போல இதுவும் இரண்டு பேர் தலையில் விழுகிறது. நியாயமா என்று கேட்டால் எனக்கும் அரை மனதுதான். ஆனால் "உன் தப்பு, என் தப்பு" என்று ஆறு மாதம் சண்டை போட்டு, அதற்குள் கம்பி கரைந்துபோன வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

தேக்கா_ராணி | செவ்வாய், காலை 7:05

மாமா சொல்கிற மேம்பாட்டுத் திட்டம் பற்றி. எங்கள் புளோக்கில் நடந்தது, அதனால் சொல்கிறேன். 2007இல் தொடங்கிய திட்டம் இது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்குத்தான். 2018இல் 1987 முதல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டினார்கள், ஏறக்குறைய 2,30,000 வீடுகள். ஆக உங்கள் புளோக் மயிரிழையில் முதல் வரிசையைத் தவறவிட்டு இரண்டாம் வரிசையில் நிற்கிறது.

முறை வந்தாலும் உடனே சுத்தியலைத் தூக்க மாட்டார்கள். வாக்கெடுப்பு உண்டு. தகுதியுள்ள குடிமக்கள் குடும்பங்களில் 75 விழுக்காடு சரி என்று சொல்ல வேண்டும். உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுக் குழாயை மாற்றுவது, மின்சாரத் திறனைக் கூட்டுவது போன்றவை அவசிய வேலைகள், குடிமக்களுக்கு இலவசம். குளியலறையை முழுதாக மாற்றுவது, வாசற்கதவு, இரும்புக் கதவு எல்லாம் உங்கள் விருப்பம். மூவறை வீடென்றால் அதற்கு 5 விழுக்காடு மட்டும் கட்ட வேண்டும், வீடு பெரிதாகப் பெரிதாக 12.5 வரை ஏறும். காத்திருந்தால் மலிவுதான், மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பத்து நாள் ஓடியது. அந்தப் பத்து நாளும் தற்காலிகக் கழிவறையோடு, பூசை அறையைப் பிளாஸ்டிக் போர்த்தி மூடிவிட்டு, மாமியாரோடு... வேண்டாம், அதை இங்கே எழுதினால் வேறு இழை தொடங்க வேண்டிவரும்.

என் கருத்து: சொட்டுவது தண்ணீர் மட்டும் என்றால் பொறுக்கலாம். சிமெண்ட் விழுகிறதென்றால் பொறுக்கக்கூடாது.

ஒன்பதாம்_தளம் | செவ்வாய், காலை 8:50

நான் மாற்றிச் சொல்கிறேன். பழைய வீட்டில் ஒரு காசு போடாதீர்கள். 99 ஆண்டுக் குத்தகை கடைசியில் பூச்சியம். எல்லாரும் செர்ஸ் என்ற மறுமேம்பாட்டுத் திட்டம் வரும், அரசாங்கம் வாங்கிக்கொள்ளும், புது வீடு கிடைக்கும் என்று கனவு காண்கிறார்கள். மொத்த வீடுகளில் சுமார் 5 விழுக்காட்டுக்குத்தான் அது பொருந்தும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. 2022இல் அங் மோ கியோ அவென்யூ 3இல் நாலு புளோக்குக்கு செர்ஸ் வந்தபோதும், மாற்று வீட்டுக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கிறதே என்று குடியிருப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். அப்புறம்தான் 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு எடுக்கும் வழியும் சேர்ந்தது. குடியிருப்பாளர்கள் வாக்களித்து வீட்டை அரசாங்கத்திடம் முன்கூட்டியே விற்கிற திட்டம், வெர்ஸ் என்று 2018இல் பேசியது, 70 வயதான வீடுகளுக்கு. 1987ஓடு 70ஐக் கூட்டிப் பாருங்கள்.

அந்தக் காலத்து வீடு பெரிது, உறுதி என்று பெருமை வேறு. உறுதியாக இருந்தால் ஏன் சிமெண்ட் விழுகிறது?

கென்பரா_தாத்தா | செவ்வாய், பிற்பகல் 2:20

பேரன் காட்டியதால் படித்தேன். கண்ணாடி போட்டு மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

நான் பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளத்தில். அப்பா கப்பல் பட்டறையில் கூலி. வரிசை வீடு, பத்துக்கு எட்டடி அறை, அதில் ஆறு பேர். குழாய் பொது, கழிவறை பொது. காலை ஐந்து மணிக்குக் கழிவறை வரிசையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் திட்டு கேட்கலாம். கென்பரா, வெலிங்டன், மாண்ட்ரியல் என்று இன்றைக்கு அங்கே இருக்கும் சாலைப் பெயர்கள் எல்லாம் வெள்ளைக்காரன் வைத்தவை. நாங்கள் புளோக் எண்ணைத்தான் சொல்வோம்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் போகப்போகிறோம் என்று அறிவித்தார்கள். 1971க்குள் போய்விட்டார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போன குடும்பங்கள் உண்டு. 1968லேயே பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனதால் அப்பா போன்றவர்கள் பிழைத்தார்கள். நாங்கள் சோங் பாங் கிராமத்தில் தகரக் கொட்டகையில் குடியேறினோம். மழை பெய்தால் வீட்டில் உள்ள அத்தனை பாத்திரமும் தரையில் இருக்கும். நம்ம மூணாம்மாடி தம்பி ஒரு வாளி வைத்திருக்கிறார், நாங்கள் பதினோரு வாளி வைத்திருந்தோம்.

80களில் கிராமத்தைக் காலி செய்து ஈசூனுக்கு அனுப்பினார்கள். சோங் பாங் என்ற பெயரும் எங்களோடு ஈசூனுக்கு வந்துவிட்டது. பழைய இடத்தைத் தேடிச் செம்பவாங்குக்குப் போகிறவர்கள் இன்றும் ஏமாறுகிறார்கள். கென்பரா சாலையில் இருந்த முருகன் கோயிலும் பின்னாளில் ஈசூன் தொழிற்பேட்டைப் பக்கம் வந்தது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் அதுதான்.

சாவியை வாங்கிக்கொண்டு முதல் தடவை கதவைத் திறந்தபோது என் அம்மா நேராகக் கழிவறைக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தார். தண்ணீர் வந்தது. மறுபடி இழுத்தார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் கழிவறை அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்தது. ஒன்பதாம்_தளம் தம்பி கடைசியில் பூச்சியம் என்கிறார். கணக்குப்படி சரிதான். அம்மா அந்தக் கணக்கைப் போடவில்லை.

குறையும் சொல்கிறேன். புது ஊர் இருட்டாக இருந்தது. ரயில் நிலையம் 1988 டிசம்பரில்தான் திறந்தது. அதுவரை பேருந்துக்கு நிற்பதே ஒரு வேலை. கிராமத்தில் எங்கள் வரிசையில் இருந்த பதினான்கு வீடும் பதினான்கு புளோக்குக்குச் சிதறின. அடுத்த வீட்டு மலையாளத்து அக்கா எந்த புளோக்கில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

தேக்கா_ராணி | செவ்வாய், பிற்பகல் 2:48

தாத்தா, பதினோரு வாளியா!

சிதறியது பற்றி ஒன்று. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபோது நம்மவர்கள் ஓரிடத்தில் சேர்வதற்கே வரம்பு வந்துவிட்டது. இந்தியர், பிறர் என்ற பிரிவுக்கு இப்போது வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. 2010க்கு முன்னால் 10, 13. ஒரே இனம் ஒரே இடத்தில் குவியக்கூடாது என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. 1960களின் கலவரங்களைப் பார்த்தவர்கள் போட்ட சட்டம். ஆனால் விற்கும்போது அடி விழுவது சிறுபான்மையினருக்குத்தான். புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால் சீனர் சீனரிடம் மட்டும்தான் வாங்கலாம். அப்போது நம்மவர் வீட்டைச் சந்தையில் ஆகப் பெரிய கூட்டம் வாங்க முடியாது. விலையைக் குறைக்க வேண்டும், அல்லது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் அக்கா ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தார். 2022 முதல் இப்படிச் சிக்கியவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு வீவகவே வாங்க முன்வருகிறது. அக்கா அதற்கு முன்பே குறைத்து விற்றுவிட்டார்.

ஒன்பதாம்_தளம் | செவ்வாய், மாலை 6:10

தாத்தா, உங்களை மறுக்கவில்லை. ஆனால் "முன்பு தகரக் கொட்டகை, அதனால் இப்போது எதையும் கேட்காதே" என்று முடிந்துவிடக்கூடாது. 1960 பிப்ரவரியில் வீவக தொடங்கியபோது நூற்றுக்கு ஒன்பது பேர்தான் அரசாங்க அடுக்குமாடியில். அதற்கு முன் இருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டில் கட்டியது 23,000 வீடு. லிம் கிம் சான் தலைமையில் வீவக முதல் ஐந்தாண்டில் 50,000ஐத் தாண்டியது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் நாம் பின்னால் விலை கொடுத்தோம். எங்கள் பழைய புளோக்கில் மின்தூக்கி நின்றது 1, 5, 9ஆம் தளங்களில் மட்டும். பாட்டி ஏழாம் தளம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் சக்கர நாற்காலியை மடித்து நான் தூக்க, பாட்டியை அப்பா தூக்க, இரண்டு மாடி. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. எங்கள் புளோக்கில் வேலை முடிந்தபோது பாட்டி இல்லை.

கென்பரா_தாத்தா | செவ்வாய், இரவு 7:30

கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை தம்பி. கேளுங்கள். பாட்டியைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

ஏன் அவ்வளவு அவசரம் என்று மட்டும் சொல்கிறேன். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீயில் ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசைகளில் தீப்பிடித்து ஏறக்குறைய 16,000 பேர் ஒரே மாலையில் தெருவுக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். நான் சிறுபிள்ளை, செய்தியாகக் கேட்டதுதான். அவர்களுக்கு அழகான வீடு பின்னால் ஆகட்டும், கூரை உடனே வேண்டும். ஓரறை 20 வெள்ளி, ஈரறை 40, மூவறை 60 என்று மாத வாடகை. 1964இல் குவீன்ஸ்டவுனில் சொந்தமாக வாங்கலாம் என்றார்கள், மூவறை 6,200 வெள்ளி. அதுவும் முடியவில்லை பலருக்கு. 1968இல் சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியை எடுத்துக் கட்டலாம் என்றதும்தான் எங்களைப் போன்றவர்களுக்கு நினைப்பே வந்தது.

வாடகைக்குடி | செவ்வாய், இரவு 11:55

எல்லாரும் சொந்த வீடு பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறேன். வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 26 வெள்ளியிலிருந்து வாடகை உண்டு. குறைவுதான், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் தனியாள் என்றால் பெரும்பாலும் இன்னொரு தனியாளோடு அந்த ஒரே அறையைப் பகிர வேண்டும். என் கூட்டாளி இரவு வேலை, நான் பகல் வேலை. அவர் தூங்கும்போது நான் இருக்கக்கூடாது, நான் தூங்கும்போது அவர் இருக்க மாட்டார். விடுமுறை நாளில் இரண்டு பேரும் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம், ஆளுக்கு ஒரு மூலையில்.

கூரையைப் பற்றிப் பேசும் இழையில் இதை எழுதலாமா தெரியவில்லை. தூக்கம் வரவில்லை, எழுதினேன்.

தேக்கா_ராணி | புதன், காலை 6:50

எழுதலாம் அண்ணே. இதற்கும் இது இழைதான்.

மூணாம்மாடி தம்பி எங்கே? நாங்கள் 1961 வரை போய்விட்டோம். உங்கள் ஆன்ட்டி கதவைத் திறந்தாரா?

மூணாம்மாடி | வெள்ளி, இரவு 8:20

மன்னிக்கவும், வேலை. ஆனால் நடந்துவிட்டது.

புதன் மாலை அம்மா "நீ வராதே" என்று சொல்லிவிட்டு மேலே போனார். கையில் கடிதம் கிடிதம் எதுவும் இல்லை, நைட்டி மேல் ஒரு துண்டு. அந்த ஆன்ட்டிக்கு ஆங்கிலம் வராது, அம்மாவுக்கு மாண்டரின் வராது. இரண்டு பேருக்கும் சந்தை மலாய் வரும். இது எனக்கு இத்தனை வருடம் உறைக்கவே இல்லை. "ஆயர் போச்சோர்", அதாவது தண்ணீர் ஒழுகுகிறது என்று அம்மா தரையைக் காட்டியிருக்கிறார். உடனே கீழே வந்து பார்த்தார் ஆன்ட்டி. கம்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் கடிதம் இரண்டையும் வீடு வாங்க ஆள் இருக்கிறது என்று ஏஜெண்டுகள் செருகும் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டாராம். நான் மணி அடித்தபோதும் ஏஜெண்டு என்றுதான் கையை ஆட்டினாராம். (அலுவலகச் சட்டையில் போனது என் தப்பு.)

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வந்தது. அவர் வீட்டில் இரண்டு குளியலறையும் ஒட்டி இருக்கிறது. நனைந்திருப்பதைப் பார்த்தால் இரண்டையும் உடைக்க வேண்டும் என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அத்தனை நாள் அவர் எங்கே போவார்? மகன் வெளிநாட்டில். பணத்தைவிட அதுதான் அவருக்குப் பயம். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "மண்டி பாவா." கீழே வந்து குளி என்று பொருள். பகலில் எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறார். இரவில் எழுந்து வருவாரே என்று வாசற்சாவி ஒன்றையும் அம்மா கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமல்.

அவர் கட்ட வேண்டிய 25 விழுக்காட்டில் பாதியை நாங்கள் போடுகிறோம் என்று அம்மா சொன்னதற்கு மட்டும் கோபம் வந்துவிட்டது ஆன்ட்டிக்கு.

சிமெண்ட்_வாசம் | வெள்ளி, இரவு 8:45

சபாஷ். இரண்டு விஷயம் தம்பி. உடைக்கிற சத்தம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி, ஞாயிறு கூடாது. பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, புதுப் படலம் போட்டதும் ஓடு பதிக்க விடாதீர்கள். வாசலை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடச் சொல்லுங்கள். கீழே உங்கள் கூரை காய்ந்திருந்தால்தான் மேலே ஓடு. உங்கள் கூரையிலும் கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, அப்புறம்தான் சிமெண்ட் அப்ப வேண்டும். நேராக அப்பி வெள்ளையடித்தால் மூன்று வருடத்தில் மறுபடி வாளிக்குள் விழும்.

ஒன்பதாம்_தளம் | வெள்ளி, இரவு 9:02

2086 வரை தாங்குமா?

சிமெண்ட்_வாசம் | வெள்ளி, இரவு 9:04

நான் தாங்கமாட்டேன் அண்ணே.

மூணாம்மாடி | ஞாயிறு, இரவு 10:10

நாளை காலை 9 மணிக்குத் தொடங்குகிறார்கள். ஆன்ட்டி தன் சோப்புப் பெட்டி, துண்டு, ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் இன்றே கொண்டுவந்து எங்கள் உள்ளறைக் குளியலறையில் வைத்துவிட்டார். துண்டு மாட்ட ஓர் ஆணி அடி என்கிறார் அம்மா. ஓட்டில் துளை போடலாமா அண்ணே?

சிமெண்ட்_வாசம் | ஞாயிறு, இரவு 10:12

தயவுசெய்து வேண்டாம். இரண்டு வெள்ளிக்கு ஒட்டுகிற கொக்கி விற்கிறான்.